மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார்கள்

சிதம்பரம்
9.5.2025

மாமா,

'அன்புள்ள' போடலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

போனில் உங்கள் நம்பரை பிளாக் பண்ணியிருக்கிறேன். எடுத்தால் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், பின்னாலிருந்து அத்தை "ஸ்பீக்கர்ல போடுடா, நானும் கேக்குறேன்" என்பார்கள். நம் பேச்சு உங்கள் வீட்டு ஹாலுக்கெல்லாம் கேட்க வேண்டாம். அதனால்தான் காகிதம். சபாபதி சித்தப்பா ஓட்டுகிற பஸ் தினமும் கடலூருக்குப் போய் வருகிறது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கொடுத்து வைப்பார். நெல்லிக்குப்பத்திலிருந்து நீங்கள்தான் வண்டி எடுத்துக்கொண்டு வந்து வாங்க வேண்டும். பதிலையும் அங்கேயே கொடுங்கள். அவர் என்ன ஏது என்று கேட்கிற ஆளில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் டெஸ்ட் கார்டில் இரண்டு கோடு வந்ததும் முதலில் உங்களிடம்தான் ஓடி வந்து காட்டினேன். சந்தோஷத்தில் இல்லை மாமா, பயத்தில். இனியன் பிறந்தபோதுதான் என் இதயத்து வால்வு சுருங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். "இன்னொண்ணு வேணவே வேணாம்மா, உசுருக்கு உத்தரவாதம் கிடையாது" என்று அந்த டாக்டரம்மா நம் இரண்டு பேரையும் உட்கார வைத்துத்தானே சொன்னார். எனக்கு மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறப்பது ஆபத்து, ஆம்பளைக்கு இது பத்து நிமிஷ வேலை என்று அவர் சொல்லி, அஞ்சு வருஷம் போக்குக் காட்டிவிட்டு, இந்தப் பிப்ரவரியில்தான் நீங்கள் ஆபரேஷன் செய்துகொண்டீர்கள். ஆகவே கோட்டைப் பார்த்ததும் என் கையைப் பிடிப்பீர்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் கார்டைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். "எனக்குத்தான் அறுத்தாச்சே, இது எப்பிடி?" என்றீர்கள்.

அதோடு விட்டிருந்தால்கூட ஆத்திரத்தில் வந்த வார்த்தை என்று இருந்திருப்பேன். சோற்றில் கை வைத்தபடி, அத்தை முன்னாடி, பிள்ளைகள் முன்னாடி, "ஜெராக்ஸ் கடையில எத்தினி மணி வரைக்கும் இருந்த? யார் யாரு வந்தாங்க?" என்று கேட்டீர்கள். கடையில் எனக்கு முதலாளி லூர்துசாமி ஐயா. கண்ணாடி இல்லாமல் அவருக்கு என் முகமே தெரியாது. சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே பஸ் ஏறிவிட்டேன்.

பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். லீவுதானே, இருக்கட்டும்.

மலர்க்கொடி


நெல்லிக்குப்பம்
11.5.2025

மலருக்குக் கொளஞ்சி எழுதுவது.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதினதோடு சரி. தப்பு இருந்தால் நீ ஜெராக்ஸ் கடைக்காரி, திருத்திப் படித்துக்கொள்.

நீ சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறியது சரியா? அம்மா தெருவில் தலைகாட்ட முடியவில்லை என்கிறது. எனக்கும் அதே கதிதான். உனக்காக ஆபரேஷன் செய்துகொண்டேன். யாருமே செய்யாததைச் செய்தேன். நம் தெருவில் எத்தனை ஆம்பளை செய்திருக்கிறான், விரலை மடக்கு பார்ப்போம். கபடி டீம் பையன்கள் என்னைக் 'காயடிச்ச மாடு' என்று கூப்பிட்டார்கள். நான்தான் அவன்களுக்குக் கோச்சு. பொறுத்துக்கொண்டேன். கரும்பு லோடு ஏற்றும்போது மூச்சு வாங்கினால், "பார்றா, அறுத்ததுல பலம் போயிடுச்சி" என்றான்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். இப்போது அதே பையன்கள் ஒன்றுமே சொல்வதில்லை. நான் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் உன்மேல் சந்தேகப்படவில்லை மலரு. சந்தேகம் தானா வருது, நான் என்னா பண்ணட்டும்? குழாயை அறுத்துக் கட்டிவிட்டால் அந்தாண்டை தண்ணீர் போகுமா? நீயே சொல்.

கம்மாபுரத்துப் பழனிவேல் ஒரு யோசனை சொன்னான். என்னை ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனவனே அவன்தான், அதனால் அவனிடம் மட்டும் நானாகச் சொன்னேன். "பெத்துக்கட்டும்டா. பொறந்தப்புறம் ரத்தம் எடுத்து டி.என்.ஏ டெஸ்ட் குடு. உன்னுதுன்னா ஊரு வாயை மூடிக்கும்" என்றான். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. நீ தைரியமாக இரு. நீ நல்லவளாக இருக்கும்போது டெஸ்டுக்கு ஏன் பயப்பட வேண்டும்?

யாழினியை வெயிலில் விளையாட விடாதே. இனியனிடம் அப்பா டிராக்டரில் புது ஹாரன் போட்டிருக்கிறது என்று சொல்.

கொளஞ்சி


சிதம்பரம்
14.5.2025

மாமா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பெற்றுக்கொள்ள வேண்டுமாம், பிறகு டெஸ்டாம். பிரசவ மேசையில் நான் செத்துப் போனால் உங்கள் டெஸ்ட் ரிசல்ட்டை யாருக்குக் காட்டுவீர்கள்? என் படத்துக்கு மாலை போட்டு, பக்கத்தில் அதையும் கண்ணாடி போட்டு மாட்டுவீர்களா?

நேற்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்கோ எடுத்தார்கள். வால்வு முன்னைவிடச் சுருங்கியிருக்கிறது. மாதம் ஏற ஏற ரத்தம் பெருகும், வால்வு தாங்காது, நுரையீரலில் தண்ணீர் கட்டும் என்றார்கள். இதை வைத்துக்கொள்ளக் கூடாது, இப்போதே என்றால் ஆபத்து கம்மி, தள்ளிப்போட்டால் அதுவும் கஷ்டம் என்று இருபத்திரண்டாம் தேதி வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அங்கே எழிலரசி என்று ஒரு நர்ஸ் சிஸ்டர். வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆகியும் இப்படி என்று நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவர் கொஞ்சம்கூட அதிர்ச்சியடையவில்லை. "மூணு மாசம் ஆச்சா? டெஸ்ட் குடுத்தாரா? அது வரைக்கும் நிரோத் பாக்கெட் குடுத்திருப்பாங்களே, யூஸ் பண்ணீங்களா?" என்று கேட்டார். நான் முழித்தேன். எந்த டெஸ்ட்? எந்தப் பாக்கெட்?

குழாய், தண்ணீர் என்று நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். கரும்புக் கொல்லையில் மோட்டாரை நிறுத்தியதும் பைப்பில் நிற்கிற தண்ணீர் எங்கே போகும்? கொஞ்ச நேரம் வந்துகொண்டுதானே இருக்கும்? அதே கதைதானாம். அறுத்த இடத்துக்கு அந்தாண்டை ஏற்கெனவே இருக்கிற உயிரணு காலியாக மூன்று மாதம் போல ஆகும். அது வரைக்கும் பொறுக்கச் சொல்லி, டெஸ்ட் கொடுத்து, ஒன்றுமில்லை என்று வந்த பிறகுதான் நம்பலாமாம். இதை எல்லா ஆம்பளைக்கும் சொல்லித்தான் அனுப்புவார்களாம்.

அன்றைக்கு நீங்கள் வந்ததும் "டாக்டர் என்ன சொன்னாங்க மாமா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, ரெண்டு நாள்ல வண்டி ஓட்டலாம்னாங்க" என்றீர்கள். அவ்வளவுதானா சொன்னார்கள்?

அப்புறம் அந்த 'உனக்காக'. அதைப் பற்றியும் பேசிவிடுவோம். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் கட்டிலில் கிடந்தீர்கள். ஈரல் வறுவல், ஆட்டுக்கால் சூப், உங்கள் அக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். இனியன் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் நான் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தேன். காப்பர்-டி போட்டு மாதா மாதம் ரத்தம் கொட்டியபோது சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தீர்கள். அவ்வளவுதான். யாழினி வயிற்றில் இருந்தபோதே எனக்கு மூச்சு வாங்கும். "பொம்பளைக்கு மூச்சு வாங்குறதெல்லாம் ஒரு நோயா" என்று அத்தை சொன்னார்கள். அப்போது பார்த்த டாக்டரும் கேஸ் மாத்திரைதான் கொடுத்தார். வருஷக்கணக்கில் கேஸ் மாத்திரை தின்றேன். உங்களுக்கு ஒரு கல்யாணத்தில் பிரியாணி தின்றுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? ஆம்புலன்ஸ் வந்தது, அரை மணி நேரத்தில் ஈசிஜி எடுத்தார்கள். உங்களுடையதுதான் கேஸ் மாமா. என்னுடையது வால்வு.

பதில் எழுதுங்கள். டெஸ்டும் பாக்கெட்டும். சுற்றி வளைக்காமல்.

மலர்க்கொடி


நெல்லிக்குப்பம்
16.5.2025

மலரு,

ஊசி மாதிரி எழுதுகிறாய். உனக்குப் படிப்பு இருக்கிறது, எழுதுவாய்.

பாக்கெட் கொடுத்தார்கள். ஒரு பொம்பளை நர்ஸ், நாலு பேர் பார்க்க, ஒரு கவர் நிறையக் கொடுத்தது. பழனிவேல் பக்கத்தில் நின்று சிரித்தான். அறுத்துக்கொண்டவனுக்கு எதற்கடா இது, ஆபரேஷன் மேல அவுங்களுக்கே நம்பிக்கை இல்லையா என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. வரும் வழியில் பெண்ணையாற்றுப் பாலத்திலிருந்து வீசிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மா கண்ணில் பட்டால் என்ன சொல்வது? டெஸ்டும் சொன்னார்கள். ஒரு பாட்டிலைக் கொடுத்து அதில் கொண்டுவா என்பார்களாம். அதையெல்லாம் ஒரு மனுஷன் செய்வானா? மாட்டுக்குத்தான் அப்படி எடுப்பார்கள்.

அதனால் தப்பு என் மேல்தான் என்று நீ முடிவு கட்டிவிடாதே. தண்ணீர் நிற்கும் என்று நர்ஸ் சொல்வது இருக்கட்டும். நிற்காமலும் இருக்கலாம் அல்லவா? யாருக்குத் தெரியும்?

நீ வியாழக்கிழமை போகக்கூடாது. தெளிவாகச் சொல்கிறேன். நீ அதைக் கலைத்துவிட்டால் அப்புறம் எதை வைத்து நிரூபிப்பது? சாட்சியை அழித்துவிட்டாள் என்றுதான் சொல்வார்கள். அம்மா இப்போதே அப்படித்தான் சொல்கிறது. நான் கையெழுத்துப் போடாமல் எந்த ஆஸ்பத்திரியிலும் செய்யமாட்டார்கள். நான் போடமாட்டேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுத் திருநாவுக்கரசு என்னடா இந்நேரத்துல என்று திட்டுகிறார்.

கொளஞ்சி


சிதம்பரம்
17.5.2025

மாமா,

கையெழுத்து விஷயம் கேட்டுவிட்டேன். எழிலரசி சிஸ்டர் சிரித்தார். "உங்களுக்கு பதினெட்டு வயசு ஆயிடுச்சில்ல? அப்ப உங்க கையெழுத்து போதும்" என்றார். என் உடம்புக்கு என் கையெழுத்து போதுமாம். இத்தனை வருஷம் கழித்து இது ஒரு நல்ல சேதி.

சாட்சியாம். என் வயிற்றில் இருப்பது உங்களுக்குச் சாட்சி. கோர்ட்டு நடக்கிற வரைக்கும் நான் அதைச் சுமக்க வேண்டும், வழியில் செத்தாலும் பரவாயில்லை. அப்படித்தானே?

நிரூபிக்க எட்டு மாதம் வேண்டியதில்லை. ஒரு பாட்டில் போதும். இந்த வாரத்தோடு உங்களுக்கு மூன்று மாதம் முடிகிறது. எப்படியும் கொடுக்க வேண்டிய டெஸ்ட். போய்க் கொடுங்கள். என் உடம்பில் எத்தனை பேர் கை வைத்திருக்கிறார்கள் தெரியுமா? டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒரு வரிசை நின்று பார்க்கப் பிரசவம் ஆனவள் நான். நீங்கள் ஒரு பாத்ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் போகப் போகிறீர்கள். போங்கள்.

நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் நான் வியாழக்கிழமை போவேன். இரண்டையும் முடிச்சுப் போடவில்லை.

பயமாகத்தான் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன், அப்புறம் தைரியக்காரி என்பீர்கள்.

மலர்க்கொடி


கடலூர் முதுநகர்
19.5.2025

மலரு,

டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை வேர்க்கிறது, பேனா வழுக்குகிறது. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது.

காலையில் கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். லேப் ஜன்னலில் யார் உட்கார்ந்திருக்கிறது தெரியுமா? நம் டீமில் ரெய்டு போகிற அன்பரசு பெண்டாட்டி. "என்னாண்ணா இந்தப் பக்கம்?" என்றது. சுகர் பார்க்க வந்தேன் என்று சொல்லி, சும்மா ஒரு சுகர் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சுகர் இல்லை. அது ஒன்று தெரிந்தது.

அப்புறம் நமக்குத் தெரிந்த முகம் இருக்காது என்று முதுநகர் வந்தேன். ஒரு சின்ன லேப். ஆரோக்கியராஜ் என்று ஒருவர், வயசானவர். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, காலால் அழுத்திக்கொள்ள வேண்டும் என்றார். உள்ளே போனேன். வெளியே யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தார்கள். முடியவில்லை மலரு. வெறும் பாட்டிலோடு வெளியே வந்தேன். அவர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார். "நாளைக்கு வாங்க தம்பி, மொத தரம் எல்லாருக்கும் அப்பிடித்தான்" என்றார்.

எனக்கு இரண்டு பக்கமும் பயம். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் நீ இல்லை எனக்கு. இருக்கிறது என்று வந்தால் நான் உன்னைக் கேட்ட கேள்வியோடு நான் எப்படி உன் மூஞ்சியில் முழிப்பது? எது வந்தாலும் நான் காலி. அதனால்தான் அவ்வளவு நாளும் தள்ளினேன் என்று இப்போது தோன்றுகிறது.

நாளைக்கு மறுபடி போகிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

கொளஞ்சி


கடலூர்
21.5.2025, மத்தியானம்

என் தங்கமே, மலரு,

இருக்கு! ரிசல்ட் வந்துவிட்டது. இன்னும் இருக்கிறதாம், உயிரோடு ஓடுகிறதாம். ஆரோக்கியராஜ் மைக்ராஸ்கோப்பில் என்னையே பார்க்கச் சொன்னார். பார்த்தேன்டி. "ஆபரேஷன் பண்ணவங்ககிட்ட போய்க் காட்டுங்க, மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்வாங்க" என்றார். காட்டலாம், அது கிடக்கட்டும். ரிசல்ட் பேப்பரை இதோடு வைத்திருக்கிறேன், நீயே பார்.

என்னை மன்னித்துவிடு. காலில் விழுகிறேன். அந்த வார்த்தையை நான் கேட்டிருக்கக் கூடாது. பழனிவேலுக்கு போன் போட்டு வாயில் வந்தபடி திட்டிவிட்டேன். அம்மாவிடம் போய் ரிசல்ட்டைப் படித்துக் காட்டினேன். அம்மா அழுதுவிட்டது. உடனே பூஜை அறையில் விளக்கேற்றியது. "எம்மருமவ பத்தரமாத்துத் தங்கம், எனக்கு அப்பவே தெரியும்" என்கிறது. பையன்களிடமும் சொன்னேன். ஒருவன் என்னைத் தூக்கிச் சுற்றினான். "அறுத்தும் நிக்கலடா இந்த ஆளுக்கு" என்று ஒரே சிரிப்பு. எத்தனை நாளுக்கப்புறம் நான் மூச்சுவிட்டுச் சிரித்தேன் தெரியுமா?

மலரு, நாளைக்கு நீ ஆஸ்பத்திரிக்குப் போகாதே. இனி என்ன தடை? நம் பிள்ளைதான் என்று ஆகிவிட்டது. இவ்வளவு தடை தாண்டி வருகிறது என்றால் அது சும்மா வரவில்லை. பெற்றுக்கொள்வோம். டாக்டர்கள் எப்போதும் பயமுறுத்தத்தான் செய்வார்கள், இனியன் பிரசவத்தன்றும் அப்படித்தான் சொன்னார்கள், நல்லபடியாகப் பிறக்கவில்லையா? நான் உன்னை ராணி மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு குடம் தண்ணீர் தூக்க விடமாட்டேன்.

சபாபதி சித்தப்பாவிடம் அவசரம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கார் எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் வருகிறோம். தயாராக இரு.

உன் கொளஞ்சி


சிதம்பரம்
25.5.2025

மாமா,

உங்கள் கடிதம் புதன்கிழமை சாயங்காலமே கையில் கிடைத்தது. கடிதம் கிடைக்காமல்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று நீங்கள் ஊரில் சொல்லிவிடக் கூடாது, அதனால் முதலில் எழுதுகிறேன். படித்தேன். படித்துவிட்டுத்தான் வியாழக்கிழமை போனேன்.

ரிசல்ட்டைப் பார்க்கவில்லை. மடித்தபடியே இருக்கிறது. அதில் இருப்பது எனக்குத் தெரிந்த விஷயம். தெரியாமல் இருந்தது உங்களுக்கு மட்டும்தான்.

முழு மயக்கம் கொடுக்கவில்லை, வால்வுக்கு ஆகாது என்று. அதனால் எல்லாம் தெரிந்தது. மூக்கில் ஆக்சிஜன், பக்கத்தில் ஒரு இதய டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நடுவில் அந்த மெஷின் கத்த ஆரம்பித்தது. எல்லோரும் ஓடினார்கள். எழிலரசி சிஸ்டர் என் கன்னத்தைத் தட்டி, "மலர்க்கொடி, என்னப் பாருங்க, புள்ளைங்க பேரச் சொல்லுங்க" என்றார். யாழினி, இனியன், யாழினி, இனியன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். மறுநாள் சாயங்காலம் வரை கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை நீங்களும் அத்தையும் காரில் வந்து வாசலில் நின்றபோது நான் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். என்ன ஆச்சு என்று அம்மா சொன்னதும் "கொன்னுட்டாளே" என்று அத்தை தெருவிலேயே உட்கார்ந்து அழுததாகவும், நீங்கள் அவரை ஏற்றிக்கொண்டு காரைத் திருப்பியதாகவும் அம்மா சொன்னது.

உங்களுக்கு மட்டும்தான் ஆசையா? அந்த ஒன்பது வாரமும் அது என் வயிற்றில் இருந்தது. ராத்திரியில் கையை வைத்துக்கொண்டுதான் படுத்தேன். உங்கள் ஆட்கள் தூக்கிச் சுற்றிச் சிரித்த அதே நேரத்தில் நான் இங்கே அழுதேன். எனக்கும் பிள்ளை வேண்டும் மாமா. அதைவிட, ஏற்கெனவே இருக்கிற இரண்டுக்கும் அம்மா வேண்டும்.

உங்கள் நாலு கடிதத்தையும் நேற்று படுக்கையில் வரிசையாக வைத்துப் படித்தேன். சந்தேகத்தில் எழுதியதும் இருக்கிறது, சந்தோஷத்தில் எழுதியதும் இருக்கிறது. சந்தேகம் வந்தபோதும் பெத்துக்க என்றீர்கள். சந்தேகம் தீர்ந்தபோதும் பெத்துக்க என்றீர்கள். யாருடைய பிள்ளை என்று கேட்டீர்கள், யார் வந்தாங்க என்று கேட்டீர்கள், ஏன் சொல்லாமல் போனாய் என்று கேட்டீர்கள். யாழினியை வெயிலில் விடாதே என்றுகூட எழுதியிருந்தீர்கள். உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எங்காவது இருக்குமா என்று தேடினேன். பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தேன்.

மறுபடி டெஸ்ட் கொடுக்கச் சொன்னால் கொடுங்கள். எனக்காக வேண்டாம், உங்களுக்காகக் கொடுங்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது நான் எங்கே இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. லூர்துசாமி ஐயாவிடம் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். கோபம் தீரவில்லை, தீரும் என்றும் சொல்லமாட்டேன்.

அம்மா வீடு மாடியில் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அந்தப் படிக்கட்டில் ஏறினேன். நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். ஏறிவிட்டேன்.

மலர்க்கொடி